கவ்வியைத் தளர்த்தாத முடிச்சு

காம்ஜா என்ற நாய் செத்து நானூற்றுப் பதினேழு நாள் ஆகியிருந்தது. முதல் மூன்று வாரம் ஃபார்மலினில், அடுத்த இரண்டு மாதம் குளிர்ந்த அசிட்டோனில், பிறகு சிலிக்கோனில். இப்போது அதன் உறுப்புகள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடி அலமாரியில், வாடையும் ஈரமும் இல்லாமல் ரப்பர்போல் இறுகிக் கிடந்தன. கையுறை போடாமலே தொடலாம். அந்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது யூரிம் ஒருத்திதான்.

அவள் அறுவைத் துறையில் பயிற்சி மருத்துவர். மாணவர்களுக்கு முடிச்சு போடச் சொல்லிக்கொடுப்பாள். அதற்கு காம்ஜாவின் சினைப்பைக் காம்பைத்தான் எடுக்கவேண்டும். கருத்தடை அறுவை சிகிச்சையில் அதன் ரத்தக் குழாயைக் கட்டிய நீல நூல் அதில் அப்படியே இருந்தது. முதல் முடிச்சை இறுக்கும்போது காம்பைப் பிடித்திருக்கும் கவ்வியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். மறந்தால், கவ்வி தட்டையாக்கிய சதையின்மேல் நூல் உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு இறுகியதாகத்தான் இருக்கும். கவ்வியை எடுத்த பிறகு மெல்ல நழுவும்.

போன வாரம் ஒரு மாணவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதைக் கட்டினவருக்கு ஷூ கயிறை இன்னும் அவங்கம்மாதான் கட்டிவிடுறாங்க போல, அக்கா.”

வகுப்பே சிரித்தது. யூரிமும் சிரித்துவைத்தாள். கட்டியது அவள்தான் என்பது பேராசிரியர் பாங்குக்கு மட்டும் தெரியும்.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு கல் உண்டு. படிப்புக்காக உயிர் விட்ட விலங்குகளுக்கு ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அதன்முன் வெள்ளைச் செவ்வந்தி வைத்து, பாலும் வைக்கோலும் நாய் பிஸ்கட்டும் படைத்து எல்லோரும் குனிந்து வணங்குவார்கள். இந்த ஆண்டு காம்ஜாவை வளர்த்த குக் மல்சுன் என்ற அம்மாள் தெற்குக் கடற்கரை ஊரான யோசுவிலிருந்து பேருந்தில் வருவதாகச் சொல்லியிருந்தார். நாயின் இதயம் பலவீனம், மயக்க மருந்தைத் தாங்கவில்லை என்று அன்று அவரிடம் சொன்னவர் பேராசிரியர். அந்த அம்மாள் அழுதுவிட்டு, நாலு பிள்ளைகள் படிக்கட்டும் என்று உடலையும் கொடுத்துவிட்டுப் போனார்.

காலையில் பேராசிரியர் யூரிமை அழைத்தார். அந்த அம்மாளுக்கு இதயத்தை மட்டும் காட்டும்படியும், காம்பை இழுப்பறையில் வைத்துப் பூட்டும்படியும் சொன்னார். அவளுடைய பணி நிரந்தரத்துக்கான தாளில் திங்கட்கிழமை கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். அதையும் போகிறபோக்கில் நினைவூட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அந்தம்மா நிம்மதியா இருக்காங்க, யூரிம். உன் மனசு லேசாகணும்னு அவங்க நிம்மதியைக் கெடுத்துடாத.”

அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. பூட்டிவிட்டாள்.

வழிபாடு முடிந்ததும் மல்சுன் மாடியேறி வந்தார். சந்தையில் கடுகுக்கீரையை மிளகாயில் ஊறவைத்த கிம்ச்சி விற்பவர். நகக்கண்களில் மிளகாய்ச் சிவப்பு ஊறியிருந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு இதயத்தை இரண்டு உள்ளங்கைகளிலும் வாங்கினார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

“இதுல கொழுப்பு எங்கம்மா இருக்கு?”

யூரிமுக்குப் புரியவில்லை. மல்சுன் சொல்லிக்கொண்டே போனார். தினமும் கடை அடைத்ததும் பன்றி வயிற்றுக்கறி வறுப்பார். கொழுப்புத் துண்டெல்லாம் காம்ஜாவுக்குத்தான். கொடுக்காவிட்டால் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு பார்க்கும். தின்னவைத்தே இதயத்தைக் கெடுத்தவள் என்று பக்கத்துக் கடைக்காரிகள் விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் அது உண்மைதானே? மகள் ஒரு குட்டி வாங்கிவந்தாள், திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது தெரு நாய்க்கும் எதுவும் போடுவதில்லை.

“என் கை ஆகாத கை” என்றார்.

யூரிம் இதயத்தைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தாள்.

“உங்களால இல்லம்மா. அதுக்கு வயசாயிடுச்சு.”

“ஏழு வயசெல்லாம் ஒரு வயசா? எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்ற. நல்ல பொண்ணு நீ.” மல்சுன் அவள் புறங்கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையைத்தான்.

கீழே மாணவர்கள் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. பேராசிரியர் யாரிடமோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிடத்தில் மேலே வந்துவிடுவார். இந்த அம்மாள் மூன்று மணிப் பேருந்தைப் பிடிப்பார். அதோடு முடிந்துவிடும்.

யூரிம் கையை இழுத்துக்கொண்டாள்.

“இதயத்துல ஒரு கோளாறும் இல்லம்மா. நீங்க போட்ட சாப்பாட்டால ஒண்ணும் ஆகல. ஆபரேஷன்ல ரத்தக் குழாயைக் கட்டின முடிச்சு அவுந்து, உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சுதான் காம்ஜா செத்துச்சு. அந்த முடிச்சைத் தப்பாப் போட்டது நான்தான்.”