வாளித் தக்காளி

தக்காளிக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. என் வீட்டுக்காரர் முகைதீனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் டயாலிசிஸ் ஆரம்பித்ததும், டாக்டர் தொடவே கூடாது என்று முதலில் சொன்னது அதைத்தான். தண்ணீரும் அளந்துதான் குடிக்க வேண்டும். சிவகாசி வெயிலில் இது நடக்கிற காரியமா?

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பேப்பர் லோடு அனுப்பும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மொட்டைமாடியில் தக்காளி போட்டார். பழைய பெயிண்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணோடு தேங்காய் நாரும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து நிரப்பினார். தளம் சுடும் என்று வாளிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார். மேலே பச்சை வலை கட்டினார்.

"திங்கக் கூடாததை வளக்குறீகளே, எம்புட்டுக் கொழுப்பு!" என்று கத்தினேன்.

"பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே" என்றார்.

காலையும் சாயங்காலமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு நிற்பார். பார்க்கிற எனக்கு வயிறு எரியும். காய் நிறம் திரும்பியதும் செடிக்கும் தண்ணீரைக் குறைத்துவிடுவார்.

"இப்பக் கொறச்சாத்தான் புள்ள, ருசி உள்ள எறங்கும். அப்ப நான் எம்புட்டு ருசியா இருப்பேன்னு பாத்துக்க!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதித் தக்காளியோடு கையும் களவுமாக மாட்டினார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அதன்பிறகு சிவக்கச் சிவக்கப் பறித்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவேன். "கடைத் தக்காளி வெறும் சக்கை அண்ணே, இதுல ஒண்ணு போட்டா ரசம் தெருமுக்கு வரைக்கும் மணக்குது" என்பாள் கீழ்வீட்டு அருணாதேவி. அதைக் கேட்டே அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

போன வாரம் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"இருதயம் ரொம்பப் பலவீனமாயிருச்சும்மா. இனிமே பத்தியமெல்லாம் வேண்டாம். அவருக்கு என்ன பிடிக்குமோ, குடுங்க."

இதற்கு அர்த்தம் தெரியாத பொம்பளை உண்டா? யா அல்லாஹ், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடியேறினேன். நன்றாகப் பழுத்தது ஒன்று இருந்தது. பறித்துவிட்டேன், ஆனால் எப்படிக் கொடுப்பது? இத்தனை நாள் பேயாகக் காவல் காத்தவள் இன்றைக்குத் தட்டில் வைத்து நீட்டினால், "டாக்டர் என்ன சொன்னாக?" என்றுதானே கேட்பார்? கொடுத்தாலே டாக்டர் சொன்னதை வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

திருடித் தின்னட்டும் என்று முடிவு செய்தேன். நறுக்கி உப்புத் தூவி, அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். எங்கள் மகள் சுமைரா ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருந்தாள், பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இது சுமைராவுக்கு. கை வச்சீக, தெரியும் சேதி!"

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டினேன். எப்படியாவது எடுத்துத் தின்றுவிட வேண்டும் என்று மனசுக்குள் துஆ கேட்டபடி நின்றேன்.

"ஏ புள்ள, இங்கன வா."

ஓடினேன். தட்டில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

"இதை எடுத்துட்டுப் போயிரு. கை துறுதுறுங்குது" என்றார். "பயப்படாத, இனிமே திருட மாட்டேன். சுமைரா பிள்ளைய ஒரு வாட்டியாவது கையில வாங்கணும்ல? அதுவரைக்கும் நீ கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டேன்."



"அப்படி வழிக்கு வாங்க" என்று எப்போதும்போல் அதட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அழுகிற சத்தம் அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று, ஒன்றும் போடாத மிக்ஸியை ஓடவிட்டேன்.