வெளியே திறக்கும் கதவு

புது வீட்டுக்கு நாலு தனித்தனிக் கட்டடங்கள், நடுவில் முற்றம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக ஓடு வேய்ந்த நடைபாதை. மாமனாருக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, மகனுக்கும் மருமகளுக்கும் ஒன்று. நாலாவது, பத்துக்குப் பத்தில், மருமகளின் தையல் அறை. அதை இன்ஜினியரம்மா கடைசியாகத்தான் வரைபடத்தில் சேர்த்தார்.

அவர்கள் குடியிருந்த பழைய வீட்டை அளக்கப் போனபோதே அவர் கண்ணில் பட்டிருந்தது. படுக்கையறைத் தாழ்ப்பாள் மூன்று முறை இடம் மாறியிருந்தது. பிளந்த சட்டத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பியிருந்தார்கள்.

"தையல் ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்க்கா," என்றாள் மருமகள், டேப்பின் முனையைப் பிடித்தபடி. "உள்பக்கம் திறக்குற கதவு ரெண்டு உதைக்குத் தாங்க மாட்டேங்குது."

இன்ஜினியர் அப்படியே வரைந்தார்.

மனையில் கோடு போடும் அன்று காலை, நாலு சதுரங்களும் சுண்ணாம்புத் தூளில் தரையில் விழுந்தபின், கணவன் வரைபடத்தை வாங்கிப் பார்த்தான்.

"என்ன மேடம், எல்லாக் கதவும் உள்ளே திறக்குது, இது மட்டும் வெளியே? தூக்கக் கலக்கத்துல வரைஞ்சீங்களா?"

"அந்தப் பக்கம் சாரல் அடிக்கும். வெளியே திறந்தா தண்ணி உள்ளே வராது." பொய் தங்குதடையில்லாமல் வந்தது.

"அதுவும் நல்லதுக்குத்தான்," என்று சிரித்தான். "வெளியே பெரிய கொண்டியா ஒண்ணு போட்டுடுங்க. ரொம்பத் துள்ளினா உள்ளே தள்ளிப் பூட்டிடலாம்."

மருமகள் வரைபடத்தைப் பிடுங்கினாள். "அது என் ரூம்."

"உன் ரூமா? உங்கப்பன் வாங்கிக் கொடுத்த மனையா?"

அறைந்தான். சுண்ணாம்புக் கோட்டின்மேல் குப்புற விழுந்தவளை விலாவில் உதைத்தான். குறுக்கே பாய்ந்த இன்ஜினியரின் கையை முறுக்கித் தள்ளினான்.

மனை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் அசையவில்லை. "புருஷன் பொண்டாட்டி விஷயம், மேடம். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவன் மறுபடி காலை ஓங்கினான். முளை அடிக்கும் சம்மட்டி அவள் கைக்கு எட்டியது. கிடந்தவாக்கிலேயே அதை அவனுடைய ஊன்றிய காலில், கணுக்கால்மேல் இறக்கினாள். அவன் அலறிச் சாய்ந்தான். எழுந்து நின்று, அதே இடத்தில் இன்னொன்று போட்டாள். இந்த முறை எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது.

"கொலைகாரி!" என்று எழுந்த மாமனார், சம்மட்டி தன் பக்கம் திரும்பியதும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"அக்கா, போன் போடுங்க. முதல்ல ஆம்புலன்ஸ். அப்புறம் போலீஸ். நானே பேசுறேன்."

இன்ஜினியருக்கு வலக்கையைத் தூக்க வரவில்லை. இடக்கையால் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.