ஒன்பது ஐம்பதுக்கு வந்த போன்

1993 ஆகஸ்டில், அலபாமாவில், நானும் மெரிடித்தும் விடுதி அறையில் ஒரு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மாணவியர் சங்கங்கள் ஆள் சேர்க்கும் வாரத்தின் கடைசி நாள். வழக்கம் இதுதான்: எந்தச் சங்கமும் எடுக்காத பெண்ணுக்குக் காலை பத்து மணிக்குள் போன் வரும். வராவிட்டால், மைதானத்தில் ஒரு சங்கத்தின் அழைப்போடு அவள் பெயர் போட்ட உறை காத்திருக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு வீடு உண்டு; ஒரு வாரம் அந்த வீடு வீடாகப் போய்ச் சிரித்ததில் எனக்குத் தாடை வலித்தது. வாசலில் நூறு பெண்கள் கைதட்டிப் பாடுவார்கள். உள்ளே போனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருத்தி வந்து எந்த ஊர் என்று கேட்பாள். நான் மெரிடித்துக்குத் துணையாகப் போனவள். அவளுடைய அம்மா, சித்திகள், அக்கா எல்லோரும் வெள்ளைத் தூண் வீட்டுச் சங்கம். அதனால் விருப்பச் சீட்டில் அவள் அந்த ஒரு பெயரை மட்டும் எழுதினாள். ஒற்றைப் பெயர் எழுதாதே என்று எல்லோரும் தலையால் அடித்துக்கொண்டார்கள். நான் அதை முதலில் எழுதி, கீழே இன்னொன்றும் எழுதிவைத்தேன். துணைக்குப் போனவளுக்கும் ஆசை வந்துவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதே காலுக்கு மணி அடித்தது. நான்தான் எடுத்தேன். மெரிடித்தின் அம்மா.

"போன் ஏதும் வந்துச்சா, ரோண்டா?"

"உங்க போன்தான் வந்திருக்கு, ஆன்ட்டி."

மெரிடித் பாய்ந்து வந்து பிடுங்கினாள். "அம்மா, வச்சிடாத! பேசிக்கிட்டே இரு, லைன் பிஸியாவே இருக்கட்டும்!"

அரை மணி நேரம் நாயைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவள் குளிக்கப் போனாள். அவளுடைய வெள்ளை உடை கட்டிலில் விரித்துக் கிடந்தது.

ஒன்பது ஐம்பதுக்கு மணி அடித்தது.

"மெரிடித்தா?" துக்கம் விசாரிக்கும் குரல்.

"ஆமா," என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் வருத்தம் தெரிவித்தாள். நான் நன்றி சொன்னேன்.

மெரிடித் தலையில் துண்டோடு வந்து நின்றாள். "யாருடி?"

"எனக்குத்தான்," என்றது என் வாய்.

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பத்து மணி ஆனது. வேறு போன் வரவில்லை. மைதானத்தில் எனக்கு உறை இருந்தது, அவளுக்கு இல்லை. அவள் உடையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நீயாவது போ என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. அவள் கிளம்பிவிட்டால் அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு நிற்பாளே என்று பயந்தேன்.

"சங்கமாவது மண்ணாங்கட்டியாவது," என்றாள். "நீ இல்லாம நான் மட்டும் போவேனா?"

உடையைப் பெட்டியில் திணித்தாள். இருவரும் போய் வாஃபிள் சாப்பிட்டோம். மறுநாள் என் உறை தபால் பெட்டிக்கு வந்தது. வெள்ளைத் தூண் வீடு. அதை அவளிடம் காட்டவே இல்லை. அவளுடைய அம்மா மூன்று வருடம் என்னோடு பேசவில்லை.

இந்த ஆகஸ்டில் மெரிடித்தின் மகள் ஹாலியின் முறை. இப்போதெல்லாம் முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்புகிறார்கள். போன் மட்டும் மாறவில்லை. பத்து மணிக்காகக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஹாலி.

"இவளுக்காக நான் அந்த வீட்டையே வேணாம்னு விட்டவடி," என்று மெரிடித் முப்பது வருடமாகச் சொல்லும் கதையை ஆரம்பித்தாள். நான் முப்பது வருடமாகச் சொல்லும் நன்றியைச் சொன்னேன்.

ஹாலி என் பக்கம் திரும்பினாள். "அந்த வீடு கிடைக்காம போனது ரொம்ப வலிச்சுதா, ஆன்ட்டி?"

"ரொம்ப," என்றேன்.