டானிட்சா வெடித்ததா?

1

இந்தக் கதைக்கு நான் சாட்சி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டு முற்றத்தில் அத்தனை பேரும் அண்ணாந்து கம்பத்து ஆப்பிளைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், நான் நிலவறையில் குனிந்து பீப்பாயிலிருந்து ராக்கியா என்ற பழச்சாராயம் பிடித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா மிலிசாவ், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், "கூஜா காலி, நீ கொஞ்சம் போய்ட்டு வாயேன்" என்றார். போனேன். தலைக்கு மேல் படபடவென்று வெடிச் சத்தம். படியேறி வருவதற்குள் ஆப்பிள் தரையில் கிடந்தது.

யார் சுட்டது என்று கேட்டேன். பத்துப் பேர் பதினொரு பதில் சொன்னார்கள். அந்தக் குழப்பத்தைத்தான் இப்போது உங்கள் தலையிலும் கட்டப்போகிறேன்.

2

மூன்று தொடக்கம் எழுதினேன்.

"டானிட்சா என்றால் விடிவெள்ளி. எங்கள் ஊர்த் தொழிற்சாலை தன் கைத்துப்பாக்கிக்கு இந்தப் பெயரை..." (அடித்துவிட்டேன். கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

"ரோசாண்டா முக்காட்டைச் சரிசெய்தபடி ஜன்னலோரம் நின்றாள். கீழே அவளுடைய அப்பாவும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும்..." (இதையும் அடித்தேன். யார் எவர் என்று தெரியாமல் ஜன்னலில் நிற்கிறவள்மேல் யாருக்கு இரக்கம் வரும்?)

"துப்பாக்கி என்பது..." (இதை எழுதியவனை நானே சுட வேண்டும்.)

என் மனைவி யாகொடா இந்த ஊர்க்காரி. தமிழில் எழுதுவதை எல்லாம் அவளுக்கு அவள் மொழியில் மாற்றிச் சொல்வேன். கேட்டுவிட்டு, "துப்பாக்கியில ஆரம்பிக்காதே, ஊர்ல ஆரம்பி. ஊரைத் தெரியாம அந்தச் சண்டை யாருக்கும் புரியாது" என்றாள். சரி, ஊர்.

3

எங்கள் ஊர் செர்பியாவில் ஆற்றோரத்தில் இருக்கிறது. தொழிற்சாலை முன்னால் இறைச்சி அரைக்கும் இயந்திரம் செய்தது. பிறகு கெட்ட காலம் வந்தது, இறைச்சியே இல்லாத வீடுகளில் அரைக்கும் இயந்திரம் யார் வாங்குவார்கள்? அதே வார்ப்படக்கூடத்தில் கைத்துப்பாக்கி செய்யத் தொடங்கினார்கள். கனமான, அழகில்லாத, விலை மலிவான துப்பாக்கி. லாரி ஓட்டுகிறவர்கள் வாங்கினார்கள், காட்டுப்பன்றித் தொல்லை உள்ள விவசாயிகள் வாங்கினார்கள். பிறகு கடல் தாண்டிப் போனது. அமெரிக்காவில் டானிட்சாவுக்கு ரசிகர் கூட்டம் உண்டு. சேற்றில் புதைத்து, எடுத்து, உதறிச் சுட்டுக் காட்டுவார்களாம்.

இங்கே காவல் துறையும் வாங்கியது. வசவு அங்கேதான் தொடங்கியது. "அவசரத்துக்கு உதவாது", "மூணாவது குண்டுல மூச்சு நின்னுடும்" என்றெல்லாம். பழையவை தங்கம், ஏற்றுமதி கூடியபின் வந்தவை தகரம் என்று ஒரு கட்சி. பழையதும் தகரம்தான், அப்போது நமக்கு வயசு கம்மி என்று இன்னொரு கட்சி. ஊருக்குள் யாரும் சத்தமாகத் திட்டமாட்டார்கள், ஏனென்றால் பாதி வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தில். ஊர் எல்லையைத் தாண்டினால் காது கொடுத்துக் கேட்க முடியாது.

நான் இரண்டு கட்சியையும் விசாரித்துப் பார்த்தேன். புகழ்கிறவர்கள் பெரும்பாலும் தகர டப்பாவைச் சுட்டவர்கள். திட்டுகிறவர்கள் உயிர் பயத்தில் சுட்டவர்கள். ஆகவே உண்மை எந்தப் பக்கம் என்று நினைக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன், கதைக்கு வந்திருக்கமாட்டேன்.*

* மிலிசாவ் இந்தப் பத்தியைக் கேட்டால் என்னோடு பேசமாட்டார். அவர் இளவயதிலிருந்து டானிட்சாவின் சுருள்வில் பிரிவில் வேலை பார்த்து மேஸ்திரி ஆனவர். "ஸ்பிரிங் அன்னைக்கும் அதேதான், இன்னைக்கும் அதேதான்" என்பது அவர் வேதவாக்கு.

4

இப்போது காதல். அதுவும் புகார்க் கவுன்டரில்.

மிலிசாவின் மகள் ரோசாண்டா அதே தொழிற்சாலையில் பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். திரும்பி வரும் துப்பாக்கிகளைப் பிரித்து, சோதனைக் கூடத்தில் சுட்டுப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஒருநாள் பக்கத்து ஊர்ப் போலீஸ்காரன் ஓக்னென் வந்தான். தன் டானிட்சாவைக் கவுன்டரில் டொக்கென்று வைத்தான்.

பஸ் நிலையத்தில் ஜிவான் என்ற குடிகாரன் கத்தியோடு அவன்மேல் பாய்ந்திருக்கிறான். ஓக்னென் விசையை அழுத்தியிருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. பாய்ந்தவன் என்ன நினைத்தானோ, கத்தியைப் போட்டுவிட்டு நடைமேடையில் உட்கார்ந்து ஓவென்று அழுதானாம்.

ரோசாண்டா துப்பாக்கியை உள்ளே கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வெடித்தது. திரும்பி வந்தாள்.

"துப்பாக்கியில குறை ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப குறை எங்கிட்டயா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

"சேஃப்டி பூட்டைத் தள்ள மறந்திருப்பீங்க. பதட்டத்துல நிறையப் பேரு..."

"நிறையப் பேரு சரி. நான் மறக்கல."

அடுத்த வாரம் மறுபடியும் வந்தான். இந்த முறை கையில் துப்பாக்கி இல்லை. "இன்னைக்கு எதைச் சோதிக்கணும்?" என்று அவள் கேட்டிருக்கிறாள். அவன் காது சிவந்துவிட்டதாம். (இதை ரோசாண்டாவே யாகொடாவிடம் சொன்னது, ஆகவே நான் சேர்த்த சரக்கு இல்லை.)

ஜிவான் இன்று குடியை விட்டுவிட்டு ரொட்டிக் கடை வைத்திருக்கிறான். காலையில் நான் அங்கேதான் வாங்குகிறேன். "வெடிக்காம போனதுக்கு டானிட்சாவைக் கும்புடணுமா திட்டணுமா சொல்லு" என்று ஒருநாள் சீண்டினேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட ரொட்டியைப் பத்திக் கேளுங்க" என்றான்.

5

அவர்கள் கல்யாணம் நிச்சயமானது. கடைசி நேரத்தில் மிலிசாவ் ஒரு நிபந்தனை போட்டார். இங்கே ஒரு வழக்கம், பெண் வீட்டுக் கூரைக்கு மேல் கம்பத்தில் ஆப்பிள் கட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுட்டு வீழ்த்திய பிறகே பெண்ணை வெளியே அழைத்து வருவார்கள். வழக்கமாக மாப்பிள்ளை பக்கம் வேட்டைக்காரன் ஒருவனைக் கூட்டிவந்து சுடச்சொல்வதுண்டு. ஊருக்குள் சுடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆப்பிள் என்றால் சட்டம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை. மிலிசாவ் வீட்டுச் சமையலறை. நானும் யாகொடாவும் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிக்கொண்டிருந்தோம், ஆகவே இது காதால் கேட்டது.

"வேட்டைக்காரன் எல்லாம் வேண்டாம் மாப்ள. நீயே சுடு. என்னோட டானிட்சாவால."

"வேண்டாம் மாமா."

"ஏன், ஆப்பிள் கத்தி எடுத்துக்கிட்டு வரப்போகுதா?"

ஓக்னென் சிரிக்கவில்லை. "வெடிக்கலன்னா நாளைக்கு உங்க முகத்தை எங்க வெச்சுக்குவீங்க?"

"வெடிச்சா நீ எங்க வெச்சுக்குவே?"

மிலிசாவ் கெட்டவர் இல்லை. கம்பத்தை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டியிருந்தார், குழந்தைகூடச் சுட்டுவிடும். மாப்பிள்ளையை மட்டம் தட்டுவது அவர் நோக்கமில்லை. ஆயுசு முழுக்கச் செய்த வேலை உருப்படியானது என்று ஒரே ஒருவன், மகளைக் கட்டப்போகிறவன், ஒத்துக்கொண்டால் போதும் அவருக்கு.

ஓக்னென் ரோசாண்டாவைப் பார்த்தான். "நீ சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? அப்பா பக்கம் பேசினா நீ கோழைன்னு ஆகுது. உன் பக்கம் பேசினா அப்பா ஊரை ஏமாத்தினவர்னு ஆகுது. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைச் சுட்டுடுங்க, ஆப்பிளாவது பிழைக்கும்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு பாத்திரம் கழுவப் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்தே விட்டிருந்தாள். எனக்கு அவளை நினைத்தால் பாவமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

6

கல்யாண நாள். எல்லார் சட்டையிலும் ரோஸ்மேரிக் கொத்து. டிரம்பெட் கோஷ்டி. நான் நிலவறைக்கு அனுப்பப்பட்டேன். இனி வருவது ஊர் வாயில் பொறுக்கியது.

ஓக்னென் மாமனாரின் டானிட்சாவை வாங்கினான், நீட்டினான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று எழுத ஆசை. (அடித்துவிட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் மூச்சைப் பிடிப்பவர்கள் இல்லை.) அவன் குறி வைத்ததுதான் தாமதம், சந்தோஷம் தாங்காமல் மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் தங்கள் துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டார்கள். வானத்தை நோக்கித்தானா, வேட்டைக்காரன் எவனாவது ஆப்பிளை நோக்கிச் சுட்டானா, தெரியாது. எல்லாச் சத்தமும் ஒன்றாக எழுந்தது. ஆப்பிள் விழுந்தது.

"பாத்தீங்களா!" என்றார் மிலிசாவ். நான் கூஜாவோடு மேலே வந்தது இந்த இடத்தில்.

ஓக்னென் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "வெடிக்கல மாமா."

"என்ன?"

"இது வெடிக்கல. வேற யாரோ சுட்டது."

"பொய் சொல்லாதே மாப்ள. புகையை என் கண்ணால பாத்தேன்."

"சுத்தி எல்லாமே புகைதான்."

சுட்டவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அவனுக்குத் தெரியும். கையில் உதை விழுந்ததா இல்லையா என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சிக்கலே அதுதான். அவன் சொல்வது உண்மையானால் மிலிசாவின் ஆயுசு வேலை வீண். பொய்யானால் ரோசாண்டா ஒரு பொய்யனோடு தேவாலயத்துக்குப் போகிறாள்.

ஆப்பிள் விழுந்துவிட்டதால் அவள் வெளியே வந்திருந்தாள். மிலிசாவ் சொன்னார், "இவதானே சோதிக்கிறவ. இவளே பாத்துச் சொல்லட்டும். தோட்டா பொய் சொல்லாது."

சொன்னது சரிதான். விசை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், உள்ளே சிக்கிக் கிடக்கும் தோட்டாவின் பின்புறத்தில் ஊசி குத்திய பள்ளம் இருக்கும். வெடித்திருந்தால் அடுத்த தோட்டா உள்ளே வந்திருக்கும், அதில் பள்ளம் இருக்காது.*

* யாகொடா இங்கே குறுக்கிட்டாள்: "அவன் விசையையே அழுத்தலன்னா? அப்பவும் பள்ளம் இருக்காது. 'வெடிக்கல'ங்கறதும் உண்மையாயிடும். பஸ் நிலையத்துலயும் அதேதான் நடந்துச்சோ என்னவோ." ஏற்கனவே மண்டை காய்கிறது. இதை அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், அடிக்க முடியவில்லை.

ரோசாண்டா துப்பாக்கியை வாங்கினாள். தினமும் செய்கிற வேலை. மேல்சட்டத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டாள். உள்ளே கிடந்த தோட்டா தெறித்துப் புல்லில் விழுந்தது. அப்பாவும் பார்த்தார், மாப்பிள்ளையும் பார்த்தான். அவள் குனியவில்லை. துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி, மிச்சம் இருந்ததை எல்லாம் சுட்டுத் தீர்த்தாள். ஒன்றுகூடத் தவறாமல் வெடித்தது. முக்காடு தோளில் சரிந்தது.

"போதுமா? கிளம்பலாமா? பாதிரியார் காத்துக்கிட்டு இருக்கார்."

டிரம்பெட்காரர்கள் இதற்காகவே காத்திருந்தவர்கள்போல் ஊதினார்கள். மிலிசாவும் ஓக்னெனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் புல்லைப் பார்த்தார்கள். யார் குனிந்தாலும் மற்றவருக்குத் தெரிந்துவிடும். இருவரும் அவள் பின்னால் நடந்தார்கள்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம், என்னிடம் முடிவு இல்லை.

ஒரு முடிவு: பள்ளம் இருக்கிறது. ஓக்னென் அன்று பஸ் நிலையத்திலும் உண்மைதான் சொன்னான். இதை எழுதி மிலிசாவ் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நான் எப்படிக் குடியிருப்பது?

இன்னொன்று: பள்ளம் இல்லை. டானிட்சா தங்கம், மாப்பிள்ளை பொய்யன். ஆனால் அவர்கள் வீட்டில் இப்போது ஒரு குழந்தை தவழ்கிறது. ஓக்னென் அதற்குப் பால் புகட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையைப் பற்றி இப்படி எழுத எனக்கு வரவில்லை.

மூன்றாவது, யாகொடா சொன்னது. அதை மேலே படித்துவிட்டீர்கள். இருப்பதில் அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே அதை நம்பவில்லை.

"ஏன் இவ்வளவு சுத்தறே? யாராவது அந்தத் தோட்டாவை எடுத்துப் பாத்தா முடிஞ்சுது" என்றாள் யாகொடா.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, மிலிசாவுக்கு நாற்காலி மடித்துக் கொடுக்கப் போனேன். அவர் முற்றத்தில் தனியாக, புல்லைக் காலால் விலக்கியபடி நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கரண்டி ஒண்ணு காணோம்" என்றார். நானும் தேடினேன். அந்தத் தோட்டா எனக்குக் கிடைத்தது. கால் செருப்பால் மூடி, அவர் திரும்பிய நேரத்தில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இதை எழுதும் மேஜையில், மைப்புட்டிக்குப் பக்கத்தில் அது நிற்கிறது. அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்திருக்கிறேன். தூசி துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைக்கிறேன்.

இப்போது மேஜையின் உங்கள் பக்கத்துக்கு நகர்த்துகிறேன். எடுத்துத் திருப்பிப் பார்ப்பதானால் பாருங்கள், அதுவரை நான் ஜிவான் கடையில் ரொட்டி வாங்கி வருகிறேன். திரும்பி வரும்போது என்னிடம் எதுவும் சொல்லாதீர்கள். ரோசாண்டா எதிரே வந்தால், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவள், உங்கள் முகத்தைப் படிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?