ஐம்பத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு பெட்டைப் புறா

கேமராவை நம்பக் கூடாது என்பது அபூ தியாபின் கட்சி. வக்கீலை, தரகனை, கேட்காமலே சத்தியம் செய்கிற புறாக்காரனை, இவர்களில் எவனையும் அவர் நம்புவதில்லை. அவரே புறாக்காரர்தான். கூரைமேல் நின்று பொழுதெல்லாம் வானத்தையும் பக்கத்து வீட்டு முற்றத்தையும் பார்க்கிறவன் சாட்சி டமாஸ்கஸில் எந்தச் சபையிலும் செல்லாது. இது ஊரறிந்த சங்கதி.

அந்தச் சங்கதிதான் இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது. மை தீட்டியதுபோல் கண் விளிம்பு கறுத்த அவருடைய பெட்டை கஹ்லா, பறக்கப் போனவள் திரும்பவில்லை. எதிர்க் கூரை அபூ ஸய்யாஹின் கூண்டோரம் இரண்டு தடவை தலைகாட்டினாள். வழி தவறி இறங்கிய புறாவைத் திருப்பித் தந்துவிடுவது என்று இருவரும் ரொட்டியும் உப்பும் தின்று சமாதானம் செய்தவர்கள். போய்க் கேட்டால் அந்த ஆள் கண்ணைப் பார்க்காமல், "இங்க இருக்கறதெல்லாம் எங்கூட்டுல பொரிச்சது" என்றான்.

புறாக்காரர்கள் கூடும் காப்பிக்கடையில் வழக்கு வைத்தார். அங்கே தீர்ப்புச் சொல்கிற பெரியவர் ஹுக்காவை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "ஒன் நாக்கும் அவன் நாக்கும் ஒரே எடை. படம் கொண்டா. பறவை ஒன்னுதுன்னா அவன் கையாலயே கொண்டுவந்து விடச் சொல்றேன்."

ஆகவே வாஹானின் ஸ்டுடியோ. வாஹான் அர்மேனியன், சுருக்கப் பேச்சுக்காரன். அலமாரியிலிருந்து தகப்பன் காலத்து மடக்குக் கேமரா ஒன்றை எடுத்தான். பொத்தானைத் தட்டியதும் முன்கதவு விழுந்தது, உள்ளிருந்து தோல் துருத்தி நீண்டது. அபூ தியாப் ஓரடி பின்னால் போனார்.

"கடிக்காது பெரியவரே. இந்தச் சன்னல்ல பாருங்க. நடுவுல மஞ்சளா ஒரு புள்ளி இருக்கும். அதுல எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். சக்கரத்தத் திருப்பி ஒண்ணாக்குங்க. ஒண்ணானா அழுத்துங்க."

"எதுக்கு ரெண்டாக் காட்டணும்? அப்பறம் எதுக்கு ஒண்ணாக்கணும்? மொதல்லயே ஒண்ணாக் காட்டினா என்ன கொள்ளை?"

"அப்பிடித்தான் செஞ்சிருக்கான். ரொம்ப எட்டத்துல இருந்தா யோசிக்கவே வேணாம், கடைசிக் குறியில வச்சு அழுத்திடுங்க." அதற்குள் ஒரு கல்யாணக் கோஷ்டி உள்ளே வந்துவிட்டது. மேலே கேட்க முடியவில்லை.

வீட்டுக் கூரையில் ஏறி முதலில் மனைவியைப் பார்த்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த உம் தியாபுக்குப் பக்கத்தில், வெளிறிப்போன இன்னொரு உம் தியாப்.

"ரெண்டாத் தெரியறடீ."

"ஒருத்தியவே ஒங்களால மேய்க்க முடியல, ரெண்டாமவளா? போய்க் கண்ணு டாக்டரப் பாருங்க."

சக்கரத்தைத் திருப்பினார். வெளிறியவள் நகர்ந்து வந்து அசல்காரிக்குள் புகுந்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபக்கமாக வெளியே வந்தாள். எது மெய், எது பொய்? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

பிறகுதான் லென்ஸைச் சுற்றியிருந்த எண்களைப் பார்த்தார். எல்லாம் பரங்கிக்காரன் கிறுக்கல். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அரபி எண்ணும் அளவுகோலும்தான். ஆனால் கடைசிக் குறி மட்டும் பளிச்சென்று புரிந்தது. அரபியில் ஐந்து என்பது ஒரு வட்டம். அங்கே, நம் எட்டைப் படுக்கப் போட்டதுபோல், இரண்டு வட்டம் ஒட்டிக்கொண்டு நின்றன. ஐம்பத்தைந்து!

"கடைசிக் குறியில வையுங்கன்னு சொன்னான். அம்பத்தஞ்சு மீட்டர்னு வாயத் தொறந்து சொன்னா என்ன? தொழில் ரகசியமாம். திருட்டுப் பய."

ஆயுள் முழுக்கச் சுவர் கட்டியவருக்குத் தூரம் கண்ணிலேயே இருந்தது. அபூ ஸய்யாஹின் கூரை இருபது மீட்டர்கூட இராது. சந்தேகத்துக்குச் சக்கரத்தைக் கடைசிக் குறியில் வைத்து எதிர்க் கூரையைப் பார்த்தார். கைப்பிடிச் சுவர் இரண்டாகப் பிளந்து நின்றது. பார்த்தீர்களா! இங்கிருந்து எடுத்தால் படம் கெடும். சரியாக ஐம்பத்தைந்தில் நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் இருந்த ஒரே கூரை, அபூ ஸய்யாஹ் வீட்டுக்கு அந்தப் பக்கத்துச் சந்தில் ரொட்டிச் சூளைக்கு மேலே இருந்த விதவை உம் நஸூஹினுடையது.

படியேறும்போதே உரக்கக் கனைத்து, "யா அல்லாஹ்! யா அல்லாஹ்!" என்று குரல் கொடுத்தார், பெண்கள் முக்காடு போட்டுக்கொள்ளட்டும் என்று. உம் நஸூஹ் துடைப்பத்தோடு நின்றாள்.

"புறாக்காரன் கையில கேமராவா! ஒலகம் அழியற கியாமத் நாள் வந்துடுச்சு போ."

"தங்கச்சி, ஒன் பக்கம் திருப்ப மாட்டேன். என் கஹ்லாவுக்காக வந்தேன்."

"என் பக்கம் திருப்பித்தான் பாரேன், அது ஒடையுதா நீ ஒடையுறியான்னு பாப்போம். சீக்கிரம் எடுத்துட்டு எறங்கு."

அங்கிருந்து அபூ ஸய்யாஹ் கூண்டின் பின்பக்கம் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்திராத பக்கம். சுவரோரம் ஒரு நெய் டின்னைப் படுக்கப் போட்டிருந்தான். டின்னுக்கு வெளியே கொடிக்கம்பம். கேமராவைக் கண்ணில் வைத்தார். கம்பம் இரண்டு, டின் இரண்டு, டின்னுக்குள் சாம்பல் நிறத்தில் புறா இரண்டு. சக்கரத்தைக் கடைசிவரை திருப்பினார். கம்பம் ஒன்றானது. டின் ஒன்றானது.

புறா மட்டும் இரண்டாகவே இருந்தது.

திரும்பத் திருப்பினார். முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினார். வாஹானைத் திட்டினார், வாஹானின் அப்பனைத் திட்டினார். கம்பம் ஒன்றாகும்போதெல்லாம் புறா இரண்டு. கம்பத்துக்கு ஒரு நியாயம், புறாவுக்கு ஒரு நியாயமா?

கேமராவை இறக்கி வெறுங்கண்ணால் பார்த்தார். இரண்டுதான். சக்கரத்தைத் திருப்பும்போது வந்திறங்கியதுபோலும், ஒன்று டின் வாசலில் கழுத்தை உப்பிக்கொண்டு நின்றது, ஆண். உள்ளே படுத்திருந்தது மெல்ல எழுந்து, காலைத் தூக்கி எதையோ மிதிக்காமல் வைத்து வெளியே வந்தது. அந்த நடை கஹ்லாவின் நடை. அவள் விலகியதும் ஆண் உள்ளே போய், அவள் இருந்த இடத்திலேயே வயிற்றைப் பதித்து உட்கார்ந்தது. காலைப் பொழுது ஏறினால் ஆண் அடைக்கு உட்காரும். முட்டையைக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டுமா, புறாக்காரனுக்கு?

டிக் என்று ஒரு சத்தம், பேன் நசுக்கியது போல. விரல் எப்போது அழுத்தியது, படத்தில் விழுந்தது யார், கஹ்லாவா, ஆணா, டின்னா, அவருக்கே தெரியவில்லை. பெரியவரிடம் கொண்டுபோனால் ஜெயித்துவிடலாம். ஜெயித்தால் அவளைத் தூக்கி வர வேண்டும். தூக்கி வந்தால் முட்டை ஆறிவிடும். அப்படியானால் ஜெயிப்பது எது?

எதிரே அபூ ஸய்யாஹ் தண்ணீர்ச் சட்டியோடு கூரைக்கு வந்தான். அபூ தியாபுக்கு வாய் நிற்கவில்லை.

"ஓய் அபூ ஸய்யாஹ்! கழுத! டின் மேல வெயில் அடிக்குது, தெரியல? ஒரு சாக்கப் போடு!"

அந்த ஆள் சட்டியை நழுவவிடப் பார்த்தான். "நீ அங்க என்னய்யா பண்ற?"

"ஏன்டா மறச்ச?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா? முட்டையெல்லாம் கத, பறவையக் குடுடான்னு குதிச்சிருப்ப."

நம்பியிருக்க மாட்டார்தான். அதை ஒத்துக்கொள்ளாமல் பேரத்துக்குத் தாவினார்.

"குஞ்சு எறங்குனதும் அவ என் வீட்டுக்கு வரணும்."

"அவளக் கேட்டுக்க."

"குஞ்சுல ஒண்ணு எனக்கு."

"எது ஒனக்கு?"

"கண்ணு கறுத்தது."

"ரெண்டும் கறுத்திருந்தா?"

 பின்னால் உம் நஸூஹ் துடைப்பத்தால் தரையைத் தட்டினாள். "ரெண்டு கெழவனும் என் கூரையில நின்னுதான் பாகம் பிரிக்கணுமா?"

"ஒருத்தன் அங்க இருக்கான் தங்கச்சி," என்றார் அபூ தியாப், துருத்தியை எந்தப் பக்கம் மடக்குவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.