கடைசிக் குடம்

மலேசியாவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த செங்குட்டுவனுக்குச் சென்னை எம்.கே.பி. நகரில் ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்திருப்பது.

அதற்காகவே வீட்டிலிருந்த ஒரே கைவைத்த நாற்காலியை மின்விசிறிக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் டீ வரும். டீ முடிந்தால் இட்லி வரும். சாப்பிட்ட தட்டைக் கழுவலாம் என்று எழுந்தால் சம்பந்தியம்மா கெங்கம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள்.

"இன்னா சம்பந்தி நீங்க! நாலு பேரு பாத்தா எங்கள இன்னா நெனப்பாங்கோ? உக்காருங்கோ."

உட்காருவார். வேறென்ன செய்வது?

மகள் அன்புக்கரசி சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அங்கே கப்பல் பட்டறையில் இருந்த அன்புமணியை விரும்பிக் கட்டிக்கொண்டு, அவன் ஊருக்கே வந்துவிட்டவள். இப்போது கையில் ஒரு பெண் குழந்தை. போன வருஷம் அம்மா போனதிலிருந்து, "மூணு மாசம் எங்ககூட வந்து இருங்கப்பா" என்று ஓயாமல் கூப்பிட்டாள். கிள்ளான் வீட்டில் பேச்சுத்துணைக்குத் தொலைக்காட்சிதான் என்றாகிவிட்ட மனிதர், பை நிறைய மைலோ பொடியும் பிஸ்கட்டுமாகக் கிளம்பி வந்தார். ஒத்துவந்தால் வருஷாவருஷம் வந்து இருக்கலாம் என்று மனத்துக்குள் ஓர் ஆசையும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அந்த நாற்காலி அவரைத் தின்றது. தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள், உண்மைதான். விருந்தாளியை எத்தனை காலம் தாங்குவார்கள்? தம்மால் இவர்களுக்குச் செலவும் சிரமமும்தான் என்று முடிவுகட்டி, பயணச்சீட்டை முன்தேதிக்கு மாற்றும்படி மகளிடம் சொல்லிவிட்டார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ஏம்ப்பா, இங்க எதாச்சும் குறையா?" என்றாள். குறையே இல்லாததுதான் குறை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சும்மா காலாற நடக்கக் கீழே இறங்கினார். தெருவில் தண்ணீர்த்தொட்டியின் முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் பாம்பு போல வளைந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தன. நடுநடுவே ஓட்டைப் பானை, செங்கல், கைப்பிடி போன வாளி. பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. காலமெல்லாம் துறைமுகக் கிடங்கில் சரக்கு அடுக்கிய கை துறுதுறுத்தது. அடடா, கடைசியில் ஒரு வேலை! பச்சைக் குடங்களைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்து, சுவர் ஓரமாக அழகாக அடுக்கினார். ஓட்டைப் பானையையும் செங்கல்லையும் குப்பைத்தொட்டியில் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு நின்று ஒருமுறை ரசிக்கவும் செய்தார். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் ஊரில் பிறந்தவருக்கு, குடமோ பானையோ செங்கல்லோ வைத்த இடம்தான் வரிசையில் ஆளின் இடம் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பியது. தெரு பற்றிக்கொண்டது.

"என் பானைய எவன்யா தூக்கிப் போட்டது? வெடிகாலைல எய்ந்து வந்து மொத ஆளா வச்சேன்!" எதிர்வீட்டு முத்தம்மா குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டே கத்தினாள். நான்தான் முன்னே, நீதான் பின்னே என்று ஆளாளுக்குக் குடத்தைப் பிடித்து இழுத்தார்கள். செங்குட்டுவன் ஒளிந்துகொள்ளவில்லை.

"நான்தாம்மா அடுக்கினேன். தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க."

கூட்டம் அவரைப் பார்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கெங்கம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யோவ்! இன்னா மனுசன்யா நீ? வாய் இல்ல உனக்கு? ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவ? தெருவையே பேஜாராக்கிட்டு நிக்கிற!"

மேலே ஜன்னலில் நின்ற அன்புக்கரசி வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தியை யோவ் என்று கூப்பிட்டதை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

கெங்கம்மா தெருவின் பக்கம் திரும்பினாள். "சத்தம் போடாதீங்கோ. எங்க வூட்டு ஆளு பண்ண தப்பு. முத்தம்மா, நீ மொதல்ல புடி. அப்பால வயசானவங்கோ, கைக்கொழந்தக்காரிங்கோ. எங்க கொடம் கடசில." பிறகு அவரிடம், "நீ எங்க போற? நில்லு இங்கியே. கடசி கொடம் ரொம்புற வரைக்கும் நீதான் காவலு."

நின்றார். வெயில் ஏறும்வரை நின்றார். அவர்கள் முறை வந்தபோது குழாய் நூலாக ஒழுகிற்று. ஒன்றரைக் குடம்தான் கிடைத்தது. அதையும் அவரே மாடிக்குச் சுமந்தார். கெங்கம்மா பிடுங்கவில்லை. "படிய பாத்து ஏறு" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குள் மகள் கண் கலங்கி நின்றாள். "அத்தை கோவத்துல பேசிட்டாங்கப்பா. மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்குவேம்மா. ஆயுசுக்கும் வச்சுக்குவேன்." அவர் குடத்தைக் கீழே இறக்கினார். "எங்க வூட்டு ஆளுன்னு தெருவுல நின்னு சொன்னாங்களே, கேட்டியா? உங்கம்மா போனப்புறம் என்னை யாரும்மா திட்டினா? டிக்கெட்டை மாத்த வேணாம். போற தேதி வரைக்கும் இருக்கேன். அடுத்த வருஷமும் கூப்பிடுவீங்கன்னா வரேன்."

சமையலறையிலிருந்து கெங்கம்மாவின் குரல் மட்டும் வந்தது. "கூப்புடணுமா? இத்துக்கு இன்னா பத்திரிக வப்பாங்களா?"

அன்றைக்கு யாரும் குளிக்கவில்லை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அதற்கான நன்றியைச் செங்குட்டுவன் யாரிடம் போய்ச் சொல்வார்? குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை லாரி வரும் நாளில் கைவைத்த நாற்காலியில் காயாத துணிகள் குவிந்து கிடந்தன. உட்கார இடமில்லை.

"யோவ் சம்பந்தி! கொடத்த கொண்டும்போய் வச்சியா இல்லியா?"

"அப்பவே வச்சாச்சு! முத்தம்மா பானைக்கு அடுத்தது நம்மளுது!" என்று கீழேயிருந்து கத்தினார் செங்குட்டுவன், தெருவுக்கே கேட்கும்படியாக.