படுக்கையறையை நோக்கி வந்த பேரிக்காய் மரம்

மே ஒன்பதாம் தேதி முதல் ஆல்டன் க்ரூகரின் பேரிக்காய் மரம் அவர் வீட்டை நோக்கி நாளுக்கு ஒரு சாண் நடந்தது. ஓஹையோவின் வெல்டன் ஊரில் அந்த வருடம் மழை குறைவு, சோளம் சுமார். மரம் குறிவைத்தது கிழக்கு அறையை. மார்ச்சில் வழுக்கி விழுந்த ஆல்டன் அங்கேதான் சக்கரக் கட்டிலில் கிடந்தார். அசைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் மனைவி ஆர்டிஸ் தினமும் இடைவெளியை அளந்தாள். பதினாறு அடி எட்டானபோது, சனிச்சந்தையில் செடிகொடிச் சந்தேகங்களுக்கு இலவசமாக யோசனை சொல்லும் தோட்டத் தன்னார்வலர்களின் மேசைக்குப் போனாள். பூச்சி அரித்த இலைகளைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். மேசையில் அவள் பள்ளித்தோழி டோரீன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும், ரம்பம் தொடக் கூடாது என்று பயிற்சியில் கற்றவள்.

"அடிமரத்துல மரச்சீவலக் குவிச்சு வச்சிருப்பீங்களே?" என்று கேட்டாள் டோரீன்.

"ஊரே அப்படித்தான வைக்குது!"

"ஊரே தப்பா வைக்குது. மூச்சு முட்டும். விலக்கி விடு."

விலக்கினாள். மறுநாள் மரம் ஒரு முழம் நடந்தது.

"கால்கட்ட அவுத்து விட்டுட்டியேடி!" என்று ஆர்டிஸ் தொலைபேசியில் கத்தினாள். டோரீன் வந்தபோது நான்கடி மிச்சம். மரம் வெட்டுபவன் மறுநாள் காலை வருவதாக இருந்தான்.

"வந்தா என்னையும் சேத்து வெட்டச் சொல்லு," என்றார் உள்ளேயிருந்து ஆல்டன். "ரெண்டு கட்டைக்கும் ஒரே கூலி."

"யாரு தண்ணி ஊத்துவா?" என்று கேட்டாள் டோரீன்.

"அவருதான். முப்பது வருஷமா. என்னத் தொடவே விடமாட்டாரு."

"விழுந்ததுக்கப்புறம்?"

ஆர்டிஸ் திண்ணையில் காய்ந்து கிடந்த குவளையை எடுத்துத் தூசி தட்டினாள்.

"மரத்த நிறுத்த எனக்குத் தெரியல. கட்டில மரத்துகிட்ட நகர்த்தலாம்."

"போற வழியில உயிர் போயிட்டா?"

"அதுவும் எனக்குத் தெரியாது, ஆர்டிஸ்."

ஆர்டிஸ் உள்ளே போனாள். குனிந்து, கட்டிலின் சக்கரப் பூட்டைத் தானே விடுவித்தாள். வாசற்படியில் பலகை போட்டு இருவரும் கட்டிலை இறக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நிறுத்தி, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டே ஆர்டிஸ் அடுத்த அடி வைத்தாள். மரத்தடியில் அவர் கையில் தண்ணீர்க் குவளையைக் கொடுத்தாள். பாதி போர்வையில் சிந்தியது, பாதி வேரில் விழுந்தது. மறுநாள் அளந்தபோதும் நான்கடிதான். வெட்ட வந்தவன் காபி குடித்துவிட்டுப் போனான்.

ஆல்டன் அந்தக் கோடை முழுவதும் இருந்தார், அக்டோபரில் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் மரம் கல்லறைத் தோட்டத்தை நோக்கித் திரும்பியது. கால் மைல் போக இரண்டரை வருடம் பிடித்தது. மரம் சாலையைக் கடக்கும்வரை பள்ளிப் பேருந்து வேறு தெருவில் போயிற்று. ஆர்டிஸ் தினமும் வாளியோடு கூடப் போனாள். இப்போது அது அவர் தலைமாட்டில் நிற்கிறது. ஆகஸ்டில் காய்க்கிறது, காய் கொஞ்சம் நறநறக்கும்.